ஈரத்தலைக்கு ஹேர் டிரையரா, ஃபேனா, சாம்பிராணியா?

ராமநாதபுரம் கடலோரத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் காலையில் தலைக்குக் குளித்தால் மத்தியானம் வரைக்கும் பின்னலுக்குள் ஈரம் நிற்கும். காற்று அடித்தால் மட்டும் போதாது, நீராவி ஏறிக்கொள்ள அதில் இடமும் இருக்க வேண்டும். எது நன்றாகக் காயவைக்கும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

ஃபேன் செய்வது ஒரே வேலை: முடியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு அறைக்காற்றைக் கொண்டுவருவது. ஆனி, ஆடியில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தரைமேல் வறண்டு வரும். வாசலில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டாலே போதும். ராமேஸ்வரத்தில் அதே காற்று மன்னார் வளைகுடாவைத் தாண்டி வருவதால் கொஞ்சம் பிசுபிசுக்கும். வாடையும் மழையும் சேர்ந்துவிட்டால் அறைக்காற்றே ஈரம்தான், ஃபேன் மணிக்கணக்கில் சுற்ற வேண்டியிருக்கும்.

ஹேர் டிரையரில் ஃபேனோடு சூடும் சேர்கிறது. சின்ன மோட்டார் பின்பக்க வலை வழியாகக் காற்றை இழுத்து, மைக்கா தகட்டில் சுற்றிய நைக்ரோம் கம்பிமேல் தள்ளுகிறது. நிக்கலும் குரோமியமும் கலந்த அந்தக் கம்பி சூடானதும் மேலே குரோமியம் ஆக்சைடு படலம் படியும். அதனால்தான் சிவக்கச் சூடேறினாலும் எரிந்து போவதில்லை. இனி முக்கியமான விஷயம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட எடுக்காமலே ஈரப்பதம் சுமார் 17 சதவீதமாக இறங்கிவிடும். அதே நம்மூர்க் காற்றுதான், ஆனால் இப்போது நிறைய ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கூல் பட்டனை அழுத்தினால் கம்பிக்கு மின்சாரம் நின்றுவிடும். மிஞ்சுவது ஒரு குட்டி ஃபேன்.

செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. 1200 வாட் டிரையர் 10 நிமிடம் ஓடினால் 0.2 யூனிட், 60 வாட் டேபிள் ஃபேன் ஒரு மணி நேரத்துக்கு 0.06 யூனிட். ஆனால் டிரையர் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுச் சின்ன இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. புயல் மழையில் கரண்ட் போனால் ஃபேன்தான் கைகொடுக்கும்.

சாம்பிராணி வாசத்துக்கு, அவ்வளவுதான். தணலின் சூடு கொஞ்சம் உதவும், ஆனால் ஈரத்தைத் தள்ளிக்கொண்டு போக அங்கே காற்றோட்டம் கிடையாது. கைக்குழந்தையும் இழுப்பு உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் அந்தப் புகை வேண்டவே வேண்டாம்.

கடலில் குளித்த தலைக்கு எதை வைத்தாலும், முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். முடியில் தங்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முங்கிவிட்டு கோயிலுக்குள்ளே 22 தீர்த்தங்களிலும் நனைகிறவர்களுக்கு அந்த உப்பு பெரும்பாலும் அங்கேயே போய்விடும்.

என்னைக் கேட்டால், வருஷம் முழுக்க ஃபேன், வாடை மாதங்களுக்கு மட்டும் டிரையர். அதுவும் துண்டால் நன்றாகத் துவட்டிய பிறகு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, குறைந்த சூட்டில். குளியலறைக்குள் கொண்டுபோகவே கூடாது. வாங்கும்போது பின்வலை கழற்றித் துடைக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். மணலும் முடியும் அதை அடைத்தால் காற்று குறைந்து கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி அணைத்துவிடும்.