காற்றுப் பரிசோதனைப் பெட்டி: வாங்கலாம், ஆனால் மூன்று அட்டைகளை எடுத்து வைத்துவிடுங்கள்

6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கென்று வரும் காற்றுப் பரிசோதனைப் பெட்டிகளின் மேலட்டை எப்படி இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு குவளை, ஊசியில்லாத 60 மி.லி. சிரிஞ்சு இரண்டு, அவற்றை இணைக்கும் குழாய், பலூன்கள், தராசுக் கோல், மெழுகுவர்த்தி, தூசி அட்டைகள், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், குட்டி விசிறி பொருத்திய ஒரு குழல், அதில் செருக மூன்று வடிகட்டி, செய்முறை அட்டைகள். இந்த மதிப்பீடு அப்படிப்பட்ட ஒரு பெட்டியைப் பற்றியது.

காற்று என்று ஒன்று இருக்கிறது, அதற்கு இடம் வேண்டும், அது தள்ளும் என்பதையெல்லாம் இந்தப் பெட்டி அருமையாகச் சொல்லிக்கொடுக்கிறது. அந்தக் காற்று சுத்தமா, அழுக்கா என்று கேட்கும் இடத்தில்தான் பிள்ளையைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. பொருள்களில் பெரிய குறையில்லை, சொல்லும் விளக்கத்தில்தான் குறை. அதனால் திருத்திப் பயன்படுத்த முடியும்.

தொடங்க வேண்டியது சிரிஞ்சில். 60 மி.லி. வரை காற்றை இழுத்து, முனையை விரலால் இறுக்க மூடி அழுத்தச் சொல்லுங்கள். பிள்ளையின் கைபலத்துக்கு 40 மி.லி. பக்கம் வரை இறங்கும், கையை எடுத்ததும் துள்ளித் திரும்பும். அதே சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி அழுத்தினால் ஒரு கோடுகூட நகராது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது என்பதை விரல் நுனியே சொல்லிவிடும், வேறு விளக்கம் தேவையில்லை. ரப்பர் தண்டு ஒட்டிக்கொண்டால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் விட்டால் ரப்பர் உப்பிவிடும். இணைப்புக் குழாய் அடிக்கடி கழன்றால், அதன் நுனியைச் சாய்வில்லாமல் நேராக வெட்டி முனையில் நன்றாக ஏற்றுங்கள்.

கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கிய குவளைக்குள் காகிதம் நனையாமல் இருக்கும் சோதனையும் நன்றாக வருகிறது. 10 செ.மீ. ஆழத்தில் குவளைக்குள் தண்ணீர் ஏறுவது ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அதனால் காகிதம் விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. மேலே இருந்தால் போதும். அப்படியும் நனைகிறதா? குவளையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழ்கள் கிளம்பினால் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் இருக்கிறது, குவளையை மாற்றுங்கள்.

காற்றுக்கு எடை உண்டு என்று காட்டத் தந்திருக்கும் தராசுக் கோல் வீண். ஊதிய பலூனைச் சுற்றியுள்ள காற்று அதை மேலே தாங்குவதால், கோலுக்குத் தெரியும் வித்தியாசம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே. காற்று சற்று வீசினாலே அது மறைந்துவிடும். பதிலாக ஒரு கால்பந்தை எடுங்கள். உருண்டையாக, ஆனால் தளர்வாக இருக்கும்போது ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் நிறுத்துவிட்டு, பம்பால் கல்லுபோல் ஆகும்வரை அடித்து மறுபடி நிறுங்கள். 3 முதல் 5 கிராம் வரை கூடியிருக்கும். பலூன் விஷயத்தில் இன்னொன்று: 8 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் ஊதாத பலூனையோ கிழிந்த துண்டையோ தரக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். 6 வயது என்று போட்ட பெட்டிக்குள் இந்த எச்சரிக்கை எழுத்து இவ்வளவு பொடியாக இருப்பது தப்பு.

எடுத்து வைக்கவேண்டிய முதல் செய்முறை அட்டை, மெழுகுவர்த்தி அட்டை. தண்ணீர்த் தொட்டியில் நின்று எரியும் மெழுகுவர்த்தியைக் குவளையால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறுகிறது, ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதற்கு இதுவே சான்று என்கிறது அட்டை. காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம் என்பது சரி, சான்றுதான் பொய். சுடர் அணையும்போது உள்ளே பெரும்பங்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம். சந்தேகம் இருந்தால் அதே குவளைக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள். உள்ளே இருந்த ஆக்சிஜன் அதேதான், தண்ணீர் மட்டும் இன்னும் உயரமாக ஏறும்.

அடுத்தது தூசிச் சோதனையின் செய்முறை அட்டை, இந்தப் பெட்டியில் நம்மை மிகவும் வருத்தப்பட வைக்கும் பகுதி. தூசி அட்டையில் வாஸ்லின் தடவி ஜன்னலோரம், சமையலறை, வாசல் என்று வைத்து, மறுநாள் லென்ஸில் பார்த்து எண்ண வேண்டும். செயல் நல்லது. வாஸ்லினைப் பின்னால் உள்ள கட்டம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள், தடித்தால் வெள்ளையாக மங்கி எதுவும் தெரியாது. ஓர் அட்டையை மூடிய டப்பாவுக்குள் ஒப்பீட்டுக்காக வைப்பது அவசியம், செய்முறையில் அது விட்டுப்போயிருக்கிறது. லென்ஸுக்குக் கீழே துணியிலிருந்து உதிர்ந்த நீல, சிவப்பு இழைகள், மினுக்கும் மணல், ஓரம் பிய்ந்த கரித்துணுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகள் அதைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

ஆனால் புள்ளி குறைவாக இருந்தால் "பச்சை, நல்ல காற்று" என்று ஒரு வண்ணப் பட்டை சொல்கிறது. நுரையீரலின் ஆழம்வரை போவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்றால் அளவைப் பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கினாலும் அது கண்ணுக்குச் சிக்காது. அவ்வளவு சிறியது தானாக இறங்கி அட்டையில் படிவதும் அபூர்வம். இதைப் பிள்ளைக்கே காட்டலாம்: புது அட்டையை ஊதுபத்திக்குப் பக்கவாட்டில், சாம்பல் விழாத தூரத்தில் பத்து நிமிடம் வையுங்கள். அறையெல்லாம் புகை, அட்டை சுத்தம்! பிறகு விளக்கை அணைத்து, கறுப்புத் தாளுக்கு முன்னால் டார்ச்சைக் குறுக்கே அடித்தால் புகை வெள்ளைக் கோடாக மிதப்பது தெரியும். ஜன்னலைத் திறந்ததும் அந்தக் கோடு மங்குவதையும் பார்க்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் புகையை விட்டுவிடுங்கள், டார்ச் ஒளியில் ஒரு போர்வையை உதறிக் காட்டினால் போதும்.

விசிறிக் குழலில் துணி, பஞ்சு, ஹெப்பா (HEPA, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி) தாள் என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் செருகிப் புகையை விடும்போது, பல நேரம் ஹெப்பாதான் மோசம் என்று தோன்றும். காரணம் சட்டத்தின் ஓர இடைவெளி. ஹெப்பா காற்றைக் கூடுதலாகத் தடுக்கும், குட்டி விசிறிக்கு அதைத் தள்ள பலம் போதாது, புகை சந்துவழியே சுற்றிக்கொண்டு போய்விடும். நான்கு ஓரத்தையும் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிட்டு மறுபடி செய்தால் முடிவு தலைகீழாக மாறும். மூக்கோரம் இடைவெளி விட்டு முகக்கவசம் போட்டால் ஏன் பயனில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். டேப் ஒட்டாமல் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

மூன்றாவது அட்டை, ஒரு பூந்தொட்டி அறைக்காற்றைச் சுத்தம் செய்துவிடும் என்கிறது. 1989-இல் நாசா வெளியிட்ட சோதனை அடைத்து மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. காற்று வந்து போகும் அறைக்கு அது பொருந்தாது. ஜன்னலைத் திறப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி தேவை என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. செடி வளர்ப்பது நல்ல பழக்கம், இந்தக் காரணத்துக்காக அல்ல. அந்த அட்டைக்குப் பதில், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும் ஈரத்துணியால் துடைக்கும்போதும் டார்ச் ஒளியில் தெரியும் தூசியை ஒப்பிடச் சொல்லுங்கள்.

தூசி அட்டை தீர்ந்தால் கட்டம் போட்ட தாளின்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி நீங்களே செய்துகொள்ளலாம். ஹெப்பா தாளை மட்டும் கழுவாதீர்கள். நனைந்தால் இழைகள் ஒட்டி வடிகட்டும் திறன் போய்விடும், கறுத்ததும் புதுத் துண்டு போட வேண்டியதுதான்.