பினாங்கு, ரங்கூன் டெத் ரெக்கார்டு எடுத்துத் தர்றோம்னு வர்ற ஆளுங்ககிட்ட உஷாரா இருங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வாட்ஸப்ல ஒரு விளம்பரம் சுத்துது, "உங்க முன்னோர் பர்மா மலேயா சிலோன்ல எங்க இறந்திருந்தாலும் ஒரிஜினல் இறப்புப் பதிவு எடுத்துத் தரப்படும்"னு. நான் 8,500 ரூபா கட்டினேன், வந்தது என்னன்னு சொல்றேன்.

எங்க ஐயாவோட (அப்பாவோட அப்பா) அண்ணன் கொண்டுவிக்கப் போன எடத்துல, அதாவது கடல் தாண்டி வட்டித் தொழில் பாக்கப் போன பினாங்குலயே தவறிட்டாரு. பேரு பழனியப்பன். கிட்டங்கியில (செட்டியாருங்க அங்க தங்கித் தொழில் பண்ண எடம்) இருந்து வந்த கடுதாசி ஒண்ணு மட்டும் பெட்டகத்துல கெடக்கு, ஆங்கீரச வருஷம் மாசி மாசம்னு போட்டிருக்கும். அப்பச்சிக்கு (எங்க அப்பா) வயசாயிருச்சு, பெரியவரைப் பத்தி ஒரு காயிதமாவது கண்ணால பாக்கணும்னு ஆசை, அதான் போன் பண்ணேன். அந்த ஆளு அண்ணே அண்ணேன்னு தேனொழுகப் பேசி, லண்டன்ல இந்தியா ஆபீஸ் ரெக்கார்டுலயும் (வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்து ஆவணம்) தேடுறோம் அதுக்குத் தனியா ஆகும்னு அதையும் சேத்து வாங்கிட்டாரு. இது எப்படிப்பட்ட பித்தலாட்டம்னு பின்னாடிதான் தெரிஞ்சது, அங்க இருக்கற அடக்கப் பதிவெல்லாம் பெரும்பாலும் சர்ச்சுல எழுதினது, வெள்ளைக்காரங்க கிறிஸ்தவங்க பேருதான் இருக்கும், சிவன் கோயில் செட்டியாருக்கு அங்க என்ன வேலை?

வந்தது ஒரு பிடிஎஃப். சுத்தி தங்கக் கலர் பார்டர், மேல சிங்க முத்திரை, எங்க வீட்டு விலாசம் பெருசா, நடுவுல ஒரே ஒரு வரி: பழனியப்பா செட்டி, ஆண், வயது 52, பினாங்கு, ஆகஸ்ட் 1932. அவ்வளவுதான். அந்த வரிக்குக் கீழ எழுத்துத் தலை மட்டும் பாதி தெரியற மாதிரி ஏதோ வெட்டியிருந்துச்சு.

மொதல்ல தேதியே ஒத்து வரல. ஆங்கீரசம் 1932 சித்திரையில பொறந்த வருஷம், அதோட மாசின்னா 1933 பிப்ரவரி-மார்ச்ல வரும். இவரு வருஷத்த மட்டும் எங்கயோ பாத்து 1932ன்னு தேடி மொதல்ல கெடச்ச பழனியப்பனைத் தூக்கி குடுத்துட்டாரு. வருஷா வருஷம் மாசியில திதி குடுக்கற வீட்டுக்கு ஆகஸ்ட்னு எழுதி அனுப்பினா எப்படிங்க. வயசும் இடிக்குது, பெரியவரு போகும்போது நாப்பது கூட ஆகல.

அப்புறம் கண்டனூர்ல ஒரு கல்யாணப் பந்தியில பேச்சுவாக்குல இதைச் சொல்றேன், பக்கத்து எலையில இருந்தவரு சிரிக்காம போனை எடுத்துக் காட்டுறாரு. அதே பார்டர், அதே சிங்கம், அதே 52 வயசு, அதே ஆகஸ்ட். மேல விலாசம் மட்டும் அவங்க வீட்டுது! அவரு எங்களுக்குப் பங்காளியும் இல்ல, நகரத்தார்ல கோயில் பிரிவே வேற, நாங்க மாத்தூர் கோயில் அவங்க இலுப்பைக்குடி கோயில். பேரனுக்கு ஐயா பேரையே வைக்கற ஊர்ல கல்லெடுத்து எறிஞ்சா ஒரு பழனியப்பன் மேலதான் விழும், அதைத்தான் இவங்க காசாக்குறாங்க.

வெட்டினது என்னன்னு அப்பதான் வெளங்குச்சு. எங்களுக்கு வந்த அந்த ஒத்த வரி வெறும் இன்டெக்ஸ் வரி. இன்டெக்ஸ்ங்கறது பதிவு கிடையாது, பதிவு எந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டற ஒரு வரி. அதுல வால்யூம், பக்கம், இல்ல ஃபிலிம் நம்பர்னு ஏதாவது இருக்கணும், அதை வச்சுத்தான் ஒரிஜினல் பக்கத்தைக் கேட்டு வாங்கி அப்பா பேரு, முகவரி, யாரு தகவல் சொன்னதுன்னு பாக்க முடியும். நம்பர் இருந்தா நாமளே போய்ப் பாத்துருவோம்ல, அதான் கத்திரி.

இதோட நிக்கல. அடுத்த வாரமே "பெரியவர் பேர்ல பினாங்குல சொத்து இருக்கற மாதிரி தெரியுது, வாரிசு வேலைக்கு வக்கீல் ஃபீஸ் 40,000, ஆதார் நகலும் அப்பச்சி கையெழுத்தும் அனுப்புங்க"ன்னு மெசேஜ். பத்திரம் நம்பர் கேட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. காசைத் திருப்பிக் கேட்டதும் ப்ளாக். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930 நம்பர்ல புகார் போட்டிருக்கேன், பாப்போம்.

தேடணும்னா காசில்லாம தேடுங்க. ஃபேமிலிசர்ச்னு முன்னோர் பதிவு தேடற வெப்சைட் இருக்கு, அதுல கணக்குத் தொறக்க ஒத்த பைசா கெடையாது. பேரை முழுசா அடிக்காம பாதி அடிச்சு ஸ்டார் குறி போடுங்க, அந்தக் காலத்து கிளார்க்கு காதுல விழுந்ததை எழுதியிருப்பான், செட்டி, செட்டியார், சிட்டின்னு எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கணும், இனிஷியல் பாதி எடத்துல இருக்கவே இருக்காது. சிங்கப்பூர் நேஷனல் லைப்ரரியோட நியூஸ்பேப்பர்எஸ்ஜிங்கற பழைய பத்திரிகை வெப்சைட்ல 1845ல இருந்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் கெடக்கு, செட்டியாருங்க எஸ்டேட் நோட்டீஸ் (இறந்தவரு சொத்து பத்தின அறிவிப்பு) எல்லாம் அதுல வரும். ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப போனவங்கன்னா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்து பட்டியலையும் ஒருக்கா பாருங்க, சிவிலியன் பேரும் கொஞ்சம் இருக்கு. நம்ம ஊர்லயே நடந்த சாவுன்னா 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவாளர்கிட்ட கட்டணம் கட்டி யார் வேணாலும் தேடச் சொல்லலாம், நடுவுல ஆளே வேணாம்.

வயசு 52, ஆகஸ்ட் 1932ன்னு தங்க பார்டர் போட்ட பழனியப்பன் உங்க வீட்டுக்கும் வந்திருந்தா சொல்லுங்க, புகார்ல மூணாவது வீடாச் சேத்துக்கறோம்.