புது கார் பேரம்: கொடுத்த தள்ளுபடியை எங்கே திரும்ப எடுக்கிறார்கள்?

புது கார் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஷோரூம் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இது அந்த ஒரு ஷோரூமின் புத்தி மட்டும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

எங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி உண்மையிலேயே பெரியது, அதில் பொய் இல்லை. காரின் விலையில் குறைத்ததைக் கடனிலும் பழைய வண்டியிலும் இதர செலவுகளிலும் சத்தமில்லாமல் வசூலித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

உட்கார்ந்ததும் சேல்ஸ்மேன் கேட்ட முதல் கேள்வியே, "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" காரின் விலையைச் சொல்லுங்கள் என்றேன். பிரவுச்சரின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று என்னமோ கணக்குப் போட்டு, மாதத் தவணையை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு என் பக்கம் திருப்பினார். விலையைத் தனியாகச் சொல்லச் சொல்லி நச்சரித்ததும், "மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்" என்று கண்ணாடி அறைக்குள் போனார். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், திரும்பி வந்தார். "சாருக்காக ஸ்பெஷலா பேசியிருக்கேன். இன்னைக்கு புக் பண்ணாதான் இந்த ரேட்." இந்த 'இன்னைக்கு மட்டும்' கதையை நம்பவே வேண்டாம். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி என்றால் டார்கெட் நெருக்கடி அவர்களுக்குத்தான், நமக்கு இல்லை.

முழு விவரத் தாளைக் கேட்டால் 'சிஸ்டம் டௌன்' என்றார்கள். அட்வான்ஸ் போனதும் சிஸ்டம் எழுந்துகொண்டது.

முதலில் கடன். பேசியது 60 மாதம், பேப்பரில் இருந்தது 84. கேட்டதற்கு, "தவணை குறைஞ்சிருக்கே, நல்லதுதானே சார்?" என்றார். கடன் 1,00,000 என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் ரெட்யூசிங் முறையில் 10 சதவீதம் என்றால், 60 மாதத்துக்குத் தவணை சுமார் 2,125, மொத்த வட்டி சுமார் 27,500. அதையே 84 மாதமாக இழுத்தால் தவணை 1,660-க்கு இறங்கும், வட்டி 39,000-ஐத் தாண்டும். வாயால் சொன்ன '7 பர்சன்ட்' வேறு ஃப்ளாட் கணக்கு, அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி. 5 வருடத்துக்கு ஃப்ளாட் 7 என்பது ரெட்யூசிங்கில் 12.5-ஐ ஒட்டி வரும். 'ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடன் பிடித்துக் கொடுத்தால் ஷோரூமுக்கு கமிஷன் உண்டு என்பதால் தங்கள் பேங்கைத்தான் தள்ளுவார்கள். வெளியே ஒரு பேங்கில் வட்டி விகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போனால் பேச்சே மாறும்.

அடுத்தது பழைய வண்டி. எக்ஸ்சேஞ்சுக்கு அவர்கள் போட்ட விலை, வெளியே ஒருவர் கேட்டதைவிட நன்றாகவே குறைவு. கார் கம்பெனி எல்லோருக்கும் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸையும் 'நாங்க கொடுக்கறது' என்று தள்ளுபடிக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். புது காரின் விலை எழுத்தில் வரும்வரை பழைய வண்டியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். இரண்டும் இரண்டு வியாபாரம், அவர்கள் அதை ஒன்றாகக் குழைத்துவிடுவார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் (வண்டியைக் கையாள்வதற்கு என்று ஷோரூம் போடும் கட்டணம்), பெயின்ட் கோட்டிங், ஆக்சஸரீஸ் பேக்கேஜ், எக்ஸ்டெண்டட் வாரண்டி எல்லாம் கேட்காமலேயே தாளில் ஏறியிருந்தன. எடுக்கச் சொன்னால், "சிஸ்டம்ல வந்துடுச்சு சார்." அதே சிஸ்டம்தான்! இன்சூரன்ஸையும் வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள், கவரேஜ் ஒன்றா என்பதையும் சேர்த்து.

டெலிவரி அன்று பூ மாலை, ஃபோட்டோ என்று கூட்டம் கூடிவிடும். அதற்கு முன்பே வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் வரிசையின் முடிவில் 4 இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். எங்கள் வண்டியில் அது முந்தைய ஆண்டைக் காட்டியது. டயர் பழசாக இருப்பதால் மட்டுமே கார் பழசு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் சந்தேகப்பட அது போதும். 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் நம்பரைக் கொடுத்து உற்பத்தி மாதத்தை எழுதித் தரச் சொன்னபோது மழுப்பினார்கள். கடைசியில் தயாரிப்பு கம்பெனிக்கு மெயில் போட்டுத்தான் தெரிந்தது: யார்டில் மாதக்கணக்கில் நின்ற போன வருடத்து ஸ்டாக். விலை மட்டும் புது வருடத்து விலை.

எழுத்தில் புகார் கொடுத்த பிறகு ஹேண்ட்லிங் பணம் திரும்ப வந்துவிட்டது. கோட்டிங் போட்டதற்கான ஜாப் கார்டு, அதாவது வேலையைச் செய்த பதிவுத் தாள், கேட்டிருக்கிறேன், "அனுப்பறோம் சார்" என்கிறார்கள். பழைய ஸ்டாக் விஷயம் கம்பெனியின் கஸ்டமர் கேரில் நிற்கிறது. 84 மாதக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் ஒரு அபராதத் தொகை இருக்கிறது. அது எத்தனை சதவீதம், எத்தனை மாதம் கழித்து அடைத்தால் கிடையாது என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கடன் பேப்பரில் பொடி எழுத்தில் இருக்கிறது, கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.