ஸ்ப்ரே ஆடினால் ஐந்து ரோடு சர்வீஸ்காரர்களைக் கூப்பிடலாம்

ஏற்காடு எஸ்டேட்களிலிருந்து வரும் காப்பியில் ஓக்ராடாக்சின் ஏ என்ற பூஞ்சை நச்சைப் பார்த்துத் தருகிற சின்ன லேப் எங்களுடையது. எல்சி-எம்எஸ் மெஷினில் பார்க்கிறோம்: எல்சி (திரவ குரோமடோகிராஃப்) சாம்பிளைப் பிரித்து அனுப்பும், சோர்ஸில் உள்ள ஊசி அதை மின்னேற்றி ஸ்ப்ரேயாகத் தெளிக்கும், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அந்த அயான்களை அளக்கும். வறுத்த காப்பிக்கு ஐரோப்பிய வரம்பு 2023 முதல் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம்தான், அந்த அளவில் நச்சின் 404 நிறை அயான் உடைந்து 239 ஆகும் சிக்னல் ஆடினால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. அறுவடை நேரம் பார்த்து ஆடியது. ஒப்பிடுவதற்காக எல்லா சாம்பிளிலும் ஒரே அளவு சேர்க்கும் இன்டர்னல் ஸ்டாண்டர்டின் பீக்கே ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கும் ஒரு மாதிரி.

முன்பு ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வைத்திருந்த கம்பெனி (பேர் வேண்டாம்) நேரில் வராமலே சோர்ஸை மாற்றணும் என்று கொட்டேஷன் அனுப்பிவிட்டது. சேலம் ஐந்து ரோடு பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் இந்த சர்வீஸ்காரர்கள் அப்படி இல்லை. வந்தவர் முதல் வேலையாக எல்சியைத் துண்டித்துவிட்டு, சிரிஞ்ச் பம்பில் ஸ்டாண்டர்டை நேராக சோர்ஸுக்குள் விட்டார். டோட்டல் அயான் கரண்ட் (வந்து சேரும் மொத்த அயான்களின் சிக்னல்) கோடு போட்ட மாதிரி நின்றது. அப்போ ஊசி, வோல்டேஜ், நைட்ரஜன் எல்லாம் சரி, கோளாறு அதற்கு முன்னால். அப்புறம் எல்சி பம்பை மாட்டி, பிரஷர் கிராஃபையும் அயான் கரண்டையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டினார்: பிஸ்டன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பிரஷர் எங்கே இறங்குகிறதோ அங்கேயே ஸ்ப்ரேயும் இறங்குகிறது. வோல்டேஜ் இழுப்பதால் ஊசி நுனியில் திரவம் கூம்பாக நிற்கும்; அந்த டெய்லர் கூம்புக்கு வரத்து சீராக இல்லாவிட்டால் அது உடைந்து உடைந்து சேரும், அதுதான் நடந்திருக்கிறது. எல்சியில் ஓடும் கரைப்பானான அசிட்டோநைட்ரைல் பக்கத்து இன்லெட் செக் வால்வை (திரவத்தை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) கழற்றினால் உள்ளே ரூபி உருண்டை ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுத்த அசிட்டோநைட்ரைல் ஓடும் பம்பில் இது சகஜமாம். மெத்தனாலில் போட்டு சோனிகேட்டரில் வைத்து எடுத்து மாட்டினார், சரியாகிவிட்டது. ஒரு பார்ட்கூட விற்கவில்லை!

போகிற போக்கில் கிரேடியன்ட்டையும் (ஓட்டத்தின்போது கரைப்பான் கலவை மாறும் விதம்) பார்த்துவிட்டு, தொடக்கத்தில் இவ்வளவு தண்ணீர் எதற்கு என்றார். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், மெத்தனாலுக்கு 22 சொச்சம்தான், கொஞ்சம் மெத்தனால் கூட்டினாலே கூம்பு சீக்கிரம் நிலைக்கும் என்று விளக்கினார். உண்மைதான், தொடக்கத்தில் வந்த இரைச்சல் குறைந்தது.

குறை என்றால், காலையில் வருகிறேன் என்பவர் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வருவார். ஜிஎஸ்டி பில்லுக்கு ரெண்டு தடவை போன் போடணும். இன்னொன்று, கேட்டால்தான் எதிர்மின் அயான்களைப் பார்க்கும் நெகட்டிவ் மோடைச் சோதிக்கிறார்கள். 2,4-டி மாதிரி களைக்கொல்லி பார்ப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த மோடில் வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலே கொரோனா டிஸ்சார்ஜ் (ஊசி நுனியில் காற்றில் மின்கசிவு) வந்து ஸ்ப்ரே கெட்டுவிடும்.