கலைக்கல்லூரி முதுகலை: முடித்து ஆறு வருடம் கழித்து

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். எட்டு வருடமாக கிராஃபிக் டிசைனராக வேலை பார்க்கிறவள். "வேலையை விட்டுட்டு ஃபைன் ஆர்ட்ஸ்ல மாஸ்டர்ஸ் சேரலாமான்னு யோசிக்கிறேன். நீ படிச்சிருக்கியே, உண்மையைச் சொல்லு" என்றாள். முக்கால் மணி நேரம் பேசினோம். அதில் பாதிக்கு மேல் நான் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிப் பேசியிருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகு உறைத்தது. ஆறு வருடம் கழித்தும் ஆறவில்லை என்றால் எழுதிவிடுவதுதான் சரி.

போர்ட்ஃபோலியோ, நேர்காணல், இரண்டு வருடம், நடுவில் ஆய்வுக் கட்டுரை, கடைசியில் கண்காட்சி என்ற அமைப்பெல்லாம் சேர நினைக்கிறவர்களுக்குத் தெரிந்ததே. நான் எடுத்தது அச்சுக்கலை. அதற்குள் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கிற லித்தோ.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது ரொம்பவே நல்லது. எண்ணெய்ப்பசையும் தண்ணீரும் சேராது என்ற ஒன்றை வைத்துத்தான் லித்தோ மொத்தமும் நடக்கிறது. அலோய்ஸ் செனஃபெல்டர் தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சடிக்க வழி தேடி, 1790களின் பிற்பகுதியில் பவேரியாவில் கண்டுபிடித்தது. சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல்லில் பசையுள்ள கிரேயானால் வரைந்து, அரபிக் கோந்தில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து பூசி, ஈரக் கல்லின் மேல் மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டும் மையை வாங்கிக்கொள்ளும். படித்தால் இவ்வளவுதான். ஆனால் வரைவதற்கு முன்னால் கல்லைத் தேய்க்க வேண்டும். என் முதல் மாதம் முழுக்க அதில்தான் போனது.

கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, கார்போரண்டம் என்கிற தேய்ப்புத் தூளைத் தூவி, லெவிகேட்டர் என்கிற கனத்த இரும்புத் தட்டை எட்டுப் போடுகிற மாதிரி சுழற்ற வேண்டும். கரடான 80ஆம் நம்பர் தூளில் தொடங்கி 120, 180, 220 என்று நைசாகிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் கரகரவென்று சத்தம் வரும். தூள் நைந்து சேறாகும்போது சத்தம் அடங்கி, தட்டு கல்லோடு கவ்விக்கொள்ளும். அப்போது கழுவிவிட்டுப் புதுத் தூள் போட வேண்டும். போன வருடம் யாரோ வரைந்த படத்தின் எண்ணெய் கல்லுக்குள் இறங்கியிருக்கும். அரைகுறையாகத் தேய்த்தால் நம் படத்துக்கு நடுவே அந்தப் பழைய படம் மங்கலாக எழுந்து வரும். நடுவிலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் குழி விழும். நேர்கோலை வைத்து, அதற்கடியில் ஓரத்திலும் நடுவிலும் மெல்லிய காகிதத் துண்டுகளைச் செருகி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நடுத் துண்டு மட்டும் லேசாக வந்தால் அங்கே பள்ளம்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் பேராசிரியர் இல்லை. பட்டறையின் டெக்னீஷியன். நாங்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். நான் முதன்முதலாக அடித்த தாளில், கீழே வலது மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு உள்ளங்கை விழுந்திருந்தது. வரையும்போது கையை ஊன்றியிருக்கிறேன். தோலின் எண்ணெயே போதும், கல் அதையும் படமாக எடுத்துக்கொள்ளும். மாஸ்டர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எண்பதிலேர்ந்து ஆரம்பிம்மா" என்றார், அவ்வளவுதான். அடுத்த நாள் என் மேசையில், கல்லைத் தொடாமல் கை ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் கட்டை அடித்த ஒரு பலகை இருந்தது. இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

சரி, இனி க்ரிட், அதாவது க்ரிட்டிக். படைப்பைச் சுவரில் மாட்டிவிட்டு ஆசிரியர்களும் சக மாணவர்களும் சுற்றி நின்று பேசுகிற அமர்வு. கலைக்கல்லூரிப் படிப்பின் முதுகெலும்பே அதுதான் என்பார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பும் மாட்ட வேண்டும், முந்நூறு சொல்லில், என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று. வந்தவர்கள் முதலில் போய் நின்றது அந்தக் குறிப்பின் முன்னால். இரண்டு வருடமும் இதே கதை. படிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், பிறகு அதில் எழுதியிருப்பது படத்தில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது போல் திரும்பிப் பார்ப்பார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் கேள்விகள் பெரும்பாலும் குறிப்பைப் பற்றியே இருக்கும்.

நியாயமாகச் சொன்னால், அங்கே கேட்ட ஒரு கேள்வி என்னை மாற்றியது. "இதை ஏன் கல்லில் செய்தாய்? கணினியில் செய்து பிரிண்ட் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. ஒரு வருடம் அந்தக் கேள்வியோடு இருந்துதான் என் கடைசிப் படைப்பு வந்தது. தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து வரைந்திருந்தால் யாரும் எனக்கு அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆசிரியருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் இறுதி மதிப்பீட்டு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை. பன்னிரண்டு தாள் அடித்திருந்தேன். ஒரே கல்லில் மிக மெல்லிய சாம்பலிலிருந்து கருப்பு வரை போகிற படம். அமிலம் ஒரு சொட்டு கூடினால் மெல்லிய சாம்பல் எரிந்துபோகும், குறைந்தால் கருப்பு அடைத்துக்கொள்ளும். இரண்டு முறை கெட்டு, மூன்றாவது முறைதான் நின்றது, அதுவும் மாஸ்டர் இரவு வரை பக்கத்தில் நின்றதால். காலையில் மாட்டுவதற்கும் அவர்தான் உதவினார். மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது குழு உள்ளே வந்தது. அவர் ஏணியைச் சத்தமில்லாமல் மடக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார். உள்ளே ஒருவர் கேட்டார்: "இந்தச் சாம்பல் நீங்கள் நினைத்துச் செய்ததா, தானாக வந்ததா?" அதற்குச் சரியான பதில் தெரிந்த மனிதர் கதவுக்கு வெளியே நடந்துபோய்க்கொண்டிருந்தார். மதிப்பெண் போடும் இடத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது, எங்கள் ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயருக்குக் கட்டாயமான இடமும் கிடையாது.

இது புதிதும் இல்லை. 1919இல் ஜெர்மனியின் வைமரில் கட்டிடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் என்கிற கலைப் பள்ளியைத் தொடங்கியபோது, பட்டறைக்கு இரண்டு ஆசிரியர் என்று வைத்தார். வடிவத்துக்கு ஒரு கலைஞர், கைத்தொழிலுக்கு ஒரு மாஸ்டர். அச்சுப் பட்டறையில் ஓவியர் லியோனல் ஃபைனிங்கரும் தொழில் மாஸ்டர் கார்ல் ஸௌபிட்ஸரும் இருந்தார்கள். எவ்வளவு அருமையான யோசனை! ஆனால் அங்கேயும் ஆசிரியர் குழுவில் தொழில் மாஸ்டர்களுக்குச் சம உரிமை தரவில்லை. ஃபைனிங்கரை எல்லோருக்கும் தெரியும். ஸௌபிட்ஸரின் பெயரை நான் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதால்தான் இந்தக் கோபம். அமெரிக்காவில் கல்லச்சுத் தெரிந்தவர்களே அருகிப்போன காலத்தில், 1960இல் ஓவியர் ஜூன் வெய்ன் லாஸ் ஏஞ்சலஸில் டாமரிண்ட் பட்டறையைத் தொடங்கினார். அங்கே அச்சடித்தவரும் தன் முத்திரையைத் தாளில் மையில்லாமல் அழுத்திப் பதிப்பார். 'சாப்' என்று பெயர். விரலால் தடவினால் சின்ன மேடாகத் தெரியும். ஓவியரின் பென்சில் கையெழுத்தும் அச்சடித்தவரின் சாப்பும் ஒரே தாளில் இருக்கும். என் பன்னிரண்டு தாளிலும் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவரிடம் கேட்டு வாங்கியிருப்பேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நண்பர்கள் கிடைத்தார்கள், இன்றும் கூடவே இருக்கிறார்கள். கற்பிக்கும் வேலைக்கு இந்த டிகிரி உதவியது. படிப்பு முடிந்த அன்றோடு அச்சு எந்திரமும் கல்லும் கைவிட்டுப் போகும் என்பதைச் சேரும்போது யாரும் உரக்கச் சொல்லவில்லை. ஆறு வருடத்தில் இரண்டே முறைதான் மறுபடி கல்லில் அடித்திருக்கிறேன்.

தோழியிடம் சேராதே என்றுதான் சொன்னேன். இவ்வளவு சொல்லிவிட்டு இப்படி முடிக்கிறாயே என்றாள். அப்படித்தான். மீறிச் சேர்வதென்றால், நேர்காணலில் அவர்கள் உன்னைக் கேட்டு முடித்ததும் நீ மூன்றைக் கேள் என்றேன். பட்டறையில் எத்தனை டெக்னீஷியன்கள்? இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும்? மதிப்பீட்டு நாளில் அந்த டெக்னீஷியன்கள் எங்கே இருப்பார்கள்? மூன்றாவதற்கு என்ன பதில் வந்தது என்று எனக்கு போன் செய்து சொல் என்றும் கேட்டிருக்கிறேன்.