வேனில் பேட்டரி, தண்ணீர், கேஸ்: எதை எங்கே வைப்பது?

பழைய டொயோட்டா குவாண்டம் வேனையோ ஃபோக்ஸ்வாகன் கோம்பியையோ வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் ஃபிரிட்ஜும் தாங்களே பொருத்திக்கொண்டு டிராகன்ஸ்பெர்க் மலைப்பக்கமோ செயின்ட் லூசியா கடலோரப் பக்கமோ கிளம்புகிறவர்கள் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். எல்லாரும் முதலில் கட்டிலைச் செய்கிறார்கள், அப்புறம் அலமாரி, அப்புறம் மெத்தைக்கு உறை. பேட்டரி, இன்வர்ட்டர், தண்ணீர் டாங்க், கேஸ் சிலிண்டர் ஆகிய நான்கும் கடைசியில் எங்கே இடம் மிஞ்சுகிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. முதலில் இந்த நான்குக்கும் இடத்தைக் குறித்துவிட்டு, மீதி இடத்தில் கட்டிலை வையுங்கள்.

பொதுவாக மூன்று வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, எல்லாவற்றையும் பின்கதவுப் பக்கம் கட்டிலுக்கு அடியில் அடைப்பது. இரண்டாவது, வேனின் நடுப்பகுதியில், பின் ஆக்சிலுக்கு (பின்சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு) சற்று முன்னாலும் மேலேயுமாக, இரண்டு சுவர்களையும் ஒட்டிப் பிரித்து வைப்பது. மூன்றாவது, வேனுக்கு அடியில் அதன் அடிச்சட்டமான சேஸியில் தொங்கவிடுவது. என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கரண்ட்டும் நல்ல தண்ணீரும் நடுவில், கேஸ் மட்டும் தனியாகப் பின்னால், அடியில் கழிவுநீர் டாங்கைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

எடை

கட்டிலுக்கு அடியில் வைப்பதற்குப் பெரிய காரணம் வசதி. பின்கதவைத் திறந்தால் எல்லாம் கண்முன்னே இருக்கும், வேலை செய்வதும் சுலபம். ஆனால் அந்த இடம் பெரும்பாலான வேன்களில் பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவை வைத்தால் பின் ஆக்சிலின் மேல் ஏறுவது 100 இல்லை, ஏறக்குறைய 133 கிலோ. அந்த அதிகப்படி 33 கிலோ முன் ஆக்சிலிலிருந்து கழிந்து வருகிறது. அதாவது ஸ்டீயரிங் இருக்கும் சக்கரங்கள் அந்த அளவுக்கு லேசாகின்றன. 80 லிட்டர் தண்ணீரே 80 கிலோ, டாங்க், பம்ப், பேட்டரி, இன்வர்ட்டர் எல்லாம் சேர்த்தால் 130 கிலோவைத் தாண்டுவது சர்வசாதாரணம். இதோடு என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன்ஸ் கணவாய் ஏற்றத்தில் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது வண்டி எப்படி அலைபாயும் என்பதை ஓட்டுகிறவர்தான் அனுபவிக்க வேண்டும்.

கோம்பியில் இது இன்னும் முக்கியம். டி5, டி6 மாடல்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. பின்னால் பாரம் ஏற ஏற இழுக்கிற சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைகிறது. ஈரப் புல்லில் நின்ற வண்டி மேட்டில் ஏற மறுத்தால் காரணத்தை டயரில் தேடுவதற்கு முன் கட்டிலுக்கு அடியில் தேடுங்கள். குவாண்டம் பின்சக்கரத்தால் ஓடுவதால் அந்தத் தொல்லை குறைவு. அதற்காகப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. சாதாரண கார் லைசென்ஸான கோட் பி-இல் ஓட்டக்கூடிய மொத்த எடை 3,500 கிலோ வரைதான், உங்கள் வண்டியின் சொந்த வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், அதனால் வேலை பாதியில் இருக்கும்போதே ஒரு எடைமேடையில் ஆக்சில் வாரியாக நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

"டிரைவர் சீட்டுக்கு அடியில் பேட்டரி வைக்கலாமே, நிறைய வீடியோவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு: அந்த வீடியோக்களில் பெரும்பாலும் ஸ்பிரிண்டர் அல்லது கிராஃப்டர் இருக்கும். டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் தயாராகி நம் டாக்ஸி ஸ்டாண்டுகளெல்லாம் நிறைந்திருக்கும் அந்தத் தட்டை மூக்கு குவாண்டத்தில் முன்சீட்டுக்கு அடியில் எஞ்சினே இருக்கிறது. அங்கே இடமும் இல்லை, சூடும் அதிகம்.

கரண்ட்: எந்த கேபிள் நீளலாம், எது நீளக்கூடாது

12 வோல்ட்டில் 1,200 வாட் எடுக்கிற கெட்டிலோ இண்டக்‌ஷன் அடுப்போ ஓடினால் பேட்டரியிலிருந்து இன்வர்ட்டருக்கு 100 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில், போக 4 மீட்டர், வர 4 மீட்டர் என்று இழுத்தால் 100 ஆம்பியரில் 0.4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அதே கேபிளை ஒரு மீட்டருக்குச் சுருக்கினால் 0.1 வோல்ட்தான். மெலிந்த 16 சதுர மில்லிமீட்டர் கேபிளை அந்த 4 மீட்டருக்கு இழுத்தால் இழப்பு 0.9 வோல்ட்டை நெருங்கும், கேபிளும் சுடும். ஆகவே இன்வர்ட்டரும் பேட்டரியும் ஒரே அலமாரியில்தான் இருக்க வேண்டும், இதில் பேரம் இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்புகிற பாசிட்டிவ் கேபிளில் ஃபியூஸ், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, நம் பேட்டரியை ஏற்றுகிற டிசி டு டிசி சார்ஜருக்கு வரும் கேபிள் அப்படியில்லை. 30 ஆம்பியர் சார்ஜருக்கு 16 சதுர மில்லிமீட்டர் கேபிளை 5 மீட்டர் இழுத்தாலும் இழப்பு 0.4 வோல்ட் அளவில் நிற்கும், அதைச் சார்ஜரே ஈடுகட்டிக்கொள்ளும். "எஞ்சின் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் வைக்கணும்" என்று சிலர் பிடிவாதம் பிடிப்பதற்கு இதனால் அவசியமில்லை. நீளவேண்டிய கேபிள் இதுதான், நீளட்டும்.

லித்தியம் பேட்டரி என்றால் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, பேட்டரியைக் காவல் காக்கும் மின்னணுப் பலகையான பிஎம்எஸ் நல்லதாக இருந்தால் அது தானே சார்ஜை நிறுத்திவிடும். டர்பன் கடற்கரையில் அந்தக் கவலையே கிடையாது, ஆனால் இங்கே குளிர்காலமான ஜூலையில் அண்டர்பெர்க் பக்கமோ சதர்லாந்து பக்கமோ போய் இரவு தங்குகிறவர்கள், சேஸியில் பெட்டி கட்டிப் பேட்டரியைத் தொங்கவிட்டிருந்தால், காலையில் கூரைமேல் வெயில் பளபளக்கும்போதும் சோலார் ஏறாமல் நிற்பதைப் பார்ப்பார்கள். மனிதர்கள் படுத்திருக்கிற அறைக்குள்ளேயே பேட்டரி இருந்தால் நம் உடம்புச் சூடே அதற்குப் பாதி உதவி. அடியில் தொங்கவிடுவதற்கு எதிராக இன்னொன்று, டர்பனின் உப்புக்காற்று. கடலோரம் நிறுத்துகிற வண்டியின் அடிப்பக்கத்தில் நட்டு, போல்ட், டெர்மினல் எல்லாம் எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிற ஒரு மாமா எனக்குச் சொன்ன சோதனை எல்லாக் கணக்கையும்விட எளிது: "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபியூஸ் போனா, தூங்குற பிள்ளையை எழுப்பாம கை எட்டணும். எட்டலைன்னா அது தப்பான இடம்." கட்டிலுக்கு அடியில் வைத்த ஃபியூஸ் பெட்டி இந்தச் சோதனையில் தோற்றுவிடும். மழையில் இறங்கிப் பின்கதவைத் திறந்து, நாற்காலி, பிராய் (இறைச்சி சுடும்) கம்பி, பெட்டி படுக்கை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்தால்தான் அதைத் தொடவே முடியும்.

எனவே நான் சொல்வது, வலப்புறச் சுவரில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், சக்கரத்துக்காக உள்ளே புடைத்திருக்கிற மேட்டுக்கு முன்பக்கம் ஒரு அலமாரி. நம் நாட்டு வண்டிகளில் தள்ளுகதவு இடப்பக்கம் வருவதால் வலப்புறச் சுவர் முழுசாகக் கிடைக்கிறது. சோலார் ஒயர் கூரையிலிருந்து நேராக அந்த அலமாரிக்குள் இறங்கட்டும், 230 வோல்ட் உள்ளே வருகிற நீல சாக்கெட்டும் அதே சுவரில் வெளிப்பக்கம் இருக்கட்டும், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் உள்ளே கை எட்டும் உயரத்தில். மேலே காற்று போக வழி விடுங்கள், இன்வர்ட்டரும், சோலார் சார்ஜைக் கட்டுப்படுத்தும் எம்பிபிடியும் சூடாகும்.

தண்ணீர்: டாங்கா, கேனா?

இங்கேதான் எனக்கே நிறைய யோசனை. அடியில் தொங்குகிற டாங்க் உள்ளே இடத்தை மிச்சப்படுத்தும், எடையையும் கீழே இறக்கும். நெடுந்தூரம் தார் ரோட்டிலேயே ஓடுகிறவருக்கு அது சரியான யோசனைதான். ஆனால் கரூ என்ற வறண்ட நிலப்பகுதியின் ஜல்லி ரோட்டில் கல் தெறிக்கும், குவாண்டத்தில் பின்பக்க அடியில் ஸ்பேர் டயரும் இருக்கிறது, முக்கியமாக உள்பக்கம் கழுவுவது பெரும்பாடு. கிணற்று நீர், போர் நீர், நகராட்சி நீர் என்று ஊருக்கு ஊர் ஒன்றை நிரப்பப் போகிறோம், ஆகவே கை உள்ளே போகிற மூடி இல்லாத டாங்கை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

உள்ளே வைப்பதென்றால் இடப்பக்கம், தள்ளுகதவுக்குப் பின்னால், அலமாரிக்கு நேர் எதிரே. அப்போது வலப்பக்கம் பேட்டரி, இடப்பக்கம் தண்ணீர் என்று எடை ஓரளவு சமன்படும், இரண்டும் ஆக்சிலை ஒட்டியே இருக்கும், டாங்க் கசிந்தாலும் தண்ணீர் இன்வர்ட்டர் காலடிக்குப் போகாது. கட்டிலுக்கு அடியில் பக்கத்துப் பக்கத்திலேயே டாங்கையும் பேட்டரியையும் வைக்கிறவர்கள், குழாய் இணைப்பு ஒன்று கழன்ற அன்றைக்கு என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். சமையல் மேடையும் டாங்குக்கு மேலேயே வந்தால் பம்ப் குழாய் ஒரு முழத்தில் முடிந்துவிடும். பாதி நிரம்பிய பெரிய டாங்கில் தண்ணீர் அலைமோதும், உள்ளே தடுப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது இரண்டு சின்ன டாங்க்.

இதற்கு எதிரில் நிற்பது சாதாரண 20, 25 லிட்டர் கேன்கள். சின்க்குக்கு அடியில் இரண்டு கேன், ஒன்றில் பம்ப் குழாய், அவ்வளவுதான். கழுவலாம், வெயிலில் காயவைக்கலாம், குழாய் எங்கேயோ இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததை அங்கே உறவினர் உள்ள யாரும் மறக்கவில்லை. வேனிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடிய தண்ணீரின் மதிப்பு அப்போது தெரிந்தது. இருவர் வார இறுதிக்குப் போவதற்கு எனக்குக் கேன்தான் முதல் தேர்வு. குழந்தைகளோடு நாலைந்து நாள் தங்கும் குடும்பம் என்றால் 60 முதல் 80 லிட்டர் நிலையான டாங்கோடு, குடிக்க மட்டும் ஒரு கேன்.

கழிவுநீரை அடியில் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சின்க்கிலிருந்து சரிவாக இறங்கினால் போதும், உள்ளே நாற்றம் வராது. கசிந்தாலும் யாரும் அதைக் குடிக்கப்போவதில்லை.

கேஸ்

இதில் ஒப்பீடு சின்னது, ஏனென்றால் பல இடங்கள் தானாகவே அடிபட்டுப்போகின்றன. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கித் தரையோடு தேங்கும். கட்டிலுக்கு அடியில் மூடிய இடம் அது தேங்குவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும், பக்கத்தில் தீப்பொறி விடக்கூடிய ரிலேயும் இன்வர்ட்டரும் இருந்தால் சொல்லவே வேண்டாம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், பெட்டி வேனின் உள்ளறையிலிருந்து முழுக்க அடைபட்டிருக்க வேண்டும், கதவு வெளிப்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும், அடியில் நேராகத் தரையை நோக்கிய துளைகள் வேண்டும், அந்தத் துளை சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் வரக்கூடாது. இத்தனையும் ஒத்துவருகிற இடம் பின்கதவின் இடமூலைதான். 5 கிலோ சிலிண்டர் அங்கே சுலபமாக உட்காரும், 9 கிலோவுக்குக் கட்டிலின் உயரத்தையே மாற்ற வேண்டிவரலாம். இந்த ஒரு வேலையைச் சொந்தமாக முடித்துக்கொள்ளாதீர்கள். நகரும் வண்டிகளில் கேஸ் பொருத்துவதற்கு தென்னாப்பிரிக்கத் தரநிலையான சான்ஸ் (SANS) 10087-2 என்று தனி விதிமுறையே இருக்கிறது, பதிவு பெற்ற கேஸ் ஆளிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள்.

கேஸே வேண்டாம், இண்டக்‌ஷன் போதும் என்பவர்களின் வாதத்தையும் மதிக்கிறேன். இரண்டு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 2.5 யூனிட் கரண்ட் இருக்கும். சோறு, பருப்பு, ஒரு பொரியல் என்று ஒரு நாள் சமையலுக்கு ஒரு யூனிட் போய்விடும், மீதியில் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும். டர்பனின் நடுக்குளிர்காலத்தில் நண்பகல் சூரியனே ஏறக்குறைய 37 டிகிரி உயரத்துக்குமேல் ஏறாது, கூரையில் படுத்திருக்கிற பேனலுக்கு நேர்வெயிலில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் விழும். ஜூனில் மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்கிறவருக்குக் கணக்கு இடிக்கும். எடுத்துச் செல்லக்கூடிய சின்ன கேஸ் அடுப்பை வெளியே வைத்துச் சமைப்பது இரண்டுக்கும் நடுவழி, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

கழற்றக்கூடியதா, நிலையானதா

லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்த வருடங்களில் வீட்டுக்கென்று சக்கரம் வைத்த இன்வர்ட்டர் பெட்டி வாங்கியவர்கள் நிறைய. அதையே வேனில் ஏற்றிக் கட்டிவைத்தால் செலவு மிச்சம், வீட்டிலும் உதவும், திருட்டுப் பயமும் குறையும். குறை என்னவென்றால் பெரும்பாலான பெட்டிகளுக்கு ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் வாங்குகிற ஏற்பாடு கிடையாது அல்லது மிக மெதுவாக வாங்கும், அப்புறம் 30, 40 கிலோ பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கவில்லை என்றால் திடீர் பிரேக்கில் அது நம்மை நோக்கித்தான் வரும். வருஷத்துக்கு ஈஸ்டர் விடுமுறைக்கும் டிசம்பருக்கும் மட்டும் கிளம்புகிறவர் இந்தப் பெட்டியோடே நிறுத்திக்கொள்ளலாம். மாதாமாதம் கிளம்புகிறவர் அலமாரியைக் கட்டிவிடுவது மேல். பெட்டியோடு தொடங்கினாலும் அதே வலப்புற இடத்தில், அதே போல்ட் துளைகளில் இறுக்கிவையுங்கள், பிற்பாடு நிலையானதாக மாற்றும்போது சோலார் ஒயரையும் சார்ஜர் கேபிளையும் மறுபடி இழுக்க வேண்டியிராது.