செய்தியாளர் சந்திப்பா, செய்திக் குறிப்பா, நேரடித் தொடர்பா?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். தொடக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த வழி செய்தியாளர் சந்திப்பு ஒன்றுதான். புதிய கருவி வந்தாலும் கூட்டம், அரிய அறுவை சிகிச்சை நடந்தாலும் கூட்டம். பிறகு செய்திக் குறிப்புக்கு மாறினோம். கடந்த நான்கு ஆண்டுகளாக, உடல்நலச் செய்திகளை எழுதும் சில நிருபர்களோடு நேரடியாகப் பேசுவதையே முதல் வழியாக வைத்திருக்கிறேன். மூன்றையும் செய்து பார்த்த பிறகு என் மனம் இந்த மூன்றாவது வழியிலேயே நிற்கிறது.

செய்தியாளர் சந்திப்பின் செலவு எல்லோருக்கும் தெரிந்ததே. அரங்கு, பதாகை, சாப்பாடு என்று போய்விடும். என் குறை வேறு. மேடையில் இருப்பவர்கள் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். கேள்விக்குப் பத்து நிமிடம் மிஞ்சும். மறுநாள் எல்லா நாளிதழிலும் ஒரே நான்கு வரி, ஏழு பேர் வரிசையாக நிற்கும் ஒரே படம். நல்ல கேள்வி வைத்திருக்கும் நிருபர் அதை அங்கே கேட்கமாட்டார். கேட்டால் பதில் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் போய்விடும். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் மாவட்டப் பக்கங்கள் முடியும் நேரம் நெருங்கிவிடும். முடிவில் கொடுக்கும் பரிசுப் பையை முதலில் நிறுத்துங்கள். இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகள் பத்திரிகையாளர்கள் பரிசு பெறக் கூடாது என்கின்றன. வேலையை ஒழுங்காகச் செய்ய வந்தவரை நாமே சங்கடத்தில் நிறுத்துவது எந்த வகையிலும் சரியில்லை.

செய்திக் குறிப்பு மலிவு, விரைவு. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் விபத்துக்குள்ளாகி 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது அந்த ரயில்வேக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்த ஐவி லீ எழுதிக்கொடுத்த அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே வெளியிட்டது. செய்திக் குறிப்பின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் அவர் நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். அந்தப் பாதியைப் பலரும் விட்டுவிடுகிறோம். அறிக்கையிடம் யாரும் மறுகேள்வி கேட்க முடியாது. 2016இல் ஜெயலலிதா சென்னை அப்போலோ மருத்துவமனையில் 75 நாட்கள் இருந்தபோது மருத்துவ அறிக்கைகள் வந்தன. ஓர் அறிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையில் வதந்தி ஊரையே சுற்றியது.

குறிப்பு அனுப்புவதாக இருந்தால் சில நடைமுறைகள் உதவும். தமிழில், யூனிகோடில், மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் சிதறும். இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் அதை மறுபடி தட்டச்சு செய்ய நேரமிருக்காது. படத்தைத் தனிக் கோப்பாக, இடமிருந்து வலமாகப் பெயர்களோடு அனுப்புங்கள். கூப்பிட்டால் எடுக்கும் எண்ணைக் கொடுங்கள்.

இனி நேரடித் தொடர்பு. இதைப் பலர் 'நிருபரோடு நட்பாக இருப்பது' என்று எண்ணுகிறார்கள். தேநீர் குடிப்பதும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதும் பெரிதாக எதையும் மாற்றியதை நான் பார்க்கவில்லை. மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது பராமரிப்புதான்: நம்மிடம் செய்தி எதுவும் இல்லாத நாட்களில் அந்தத் தொடர்பை எப்படி வைத்திருக்கிறோம் என்பது. கூட்டம் அன்றோடு முடிந்துவிடும். குறிப்பு அனுப்பியதோடு முடிந்துவிடும். இதற்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் 31 பெயர்கள் கொண்ட நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் சரிபார்ப்பேன். ஒருவர் திருச்சிப் பதிப்புக்கு மாறியிருப்பார். இன்னொருவர் உடல்நலத்தை விட்டு நீதிமன்றச் செய்திக்குப் போயிருப்பார். யார் எதை எழுதுகிறார், எந்த நேரத்தில் அழைக்கக் கூடாது, கடைசியாக என்ன எழுதினார் என்றெல்லாம் குறித்திருக்கிறேன். அவர் எழுதியதைப் படிக்காமல் அவரை அழைப்பதில்லை.

மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது நிருபர்களுக்கு விளக்கம் சொல்ல மருத்துவர் தேவைப்படுவார். காய்ச்சல் தணியும் நாட்களில்தான் ஆபத்து கூடலாம், அப்போதுதான் கவனம் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் வேண்டும். எங்கள் மருத்துவர் அறுவை அரங்கில் இருந்தால், அரசு மருத்துவமனையிலோ வேறிடத்திலோ பேசக்கூடியவர் யார் என்று சொல்லிவிடுவேன். எங்கள் பெயர் வராத செய்திக்கு ஏன் உழைக்கிறீர்கள் என்று நிர்வாகத்தில் கேட்டிருக்கிறார்கள். நான் பிலிம் நியூஸ் ஆனந்தனைச் சொல்வேன். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றிய அவரைத் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். பல ஆண்டுகளாகத் தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களையும் நிழற்படங்களையும் அவர் சேர்த்துவைத்தார். தான் வேலை செய்யாத படத்தைப் பற்றியும் அவரிடம் விவரம் கிடைத்தது. அந்தத் திரட்டைப் பின்னர் தமிழக அரசே பெற்றுக்கொண்டது. நம் தொழிலுக்கு இதைவிட நல்ல முன்னோடி எனக்குத் தெரியவில்லை.

பராமரிப்பின் பலன் கெட்ட நாளில்தான் தெரியும். நோட்டு தொடங்குவதற்கு முன், ஒரு நோயாளி இறந்து உறவினர்கள் வாசலில் அமர்ந்த மாலையில், நிருபர் ஒருவர் அழைத்தார். 'பிறகு பேசுகிறேன்' என்று வைத்துவிட்டேன், பேசவில்லை. மறுநாள் 'நிர்வாகம் பதிலளிக்கவில்லை' என்று வந்தது. அது முழு உண்மை, நான் கோபப்பட இடமில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே போன்ற இன்னொரு மாலையில் இருபது நிமிடத்துக்குள் நானே அழைத்தேன். உறுதியாகத் தெரிந்ததைச் சொன்னேன். நோயாளியின் மருத்துவ விவரங்களை ஏன் சொல்ல முடியாது என்பதை விளக்கினேன். ஒன்பது மணிக்குள் மருத்துவ இயக்குநரைப் பேச வைக்கிறேன் என்றேன், வைத்தேன். குற்றச்சாட்டும் வந்தது, எங்கள் பதிலும் வந்தது. குற்றச்சாட்டை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நான்கு ஆண்டு உழைப்பு அந்த ஓர் அழைப்பிலேயே போயிருக்கும்.

ஒருவருக்கு முதலில் சொன்னால் மற்றவர்கள் வருத்தப்படமாட்டார்களா? வருத்தப்படுவார்கள். அதனால் ஒரு நிருபர் தானே தேடிக் கேட்டதை அவருக்கு மட்டும் தருகிறேன். நாங்களே அறிவிப்பதை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறேன். பேருந்து விபத்தில் பலர் அனுமதிக்கப்படும் நாளில் தனித்தனியாகப் பேசுவதே தவறு. அன்று செய்தியாளர் சந்திப்புதான் நியாயமான வழி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பங்கு விலையைப் பாதிக்கும், இன்னும் வெளியாகாத தகவலை ஒரு நிருபரிடம் தனியாகச் சொல்வதற்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு உள்தகவல் வணிக விதிகள் இடம் தருவதில்லை.

நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அச்சு நாளிதழ் அனுபவம். தொலைக்காட்சியில் என் பழக்கம் குறைவு. அங்கே படக்காட்சி இல்லாவிட்டால் செய்தி நிற்பதில்லை என்பதால் கூட்டத்துக்கு மதிப்பு கூடுதலாக இருக்கலாம். யூடியூப் செய்தியாளர்களோடு இப்போதுதான் பழகிவருகிறேன். ஒரே ஆள் பார்க்கும் பிரிவு என்றால் 31 பெயர்கள் வேண்டாம், ஐந்து போதும். அந்த ஐந்து பேர் கடந்த ஒரு மாதத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, ஆறாவது பெயரைச் சேர்ப்பதா என்று யோசியுங்கள்.